மூடுபனியில் மூன்றரை வரிசை

லிவர்மோரில் செல்வி அக்கா வீட்டுக்கு நான் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் கடைசி. காலை பத்து மணிக்கே நம் ஊர்ச் சித்திரை வெயில்போல் அடிக்கும். வீட்டுக்குள் ஏசி, காருக்குள் ஏசி, கடைக்குள் ஏசி. காரிலிருந்து கடை வாசல் வரைக்கும் நடக்கிற இருபதடி தூரத்தில்தான் அமெரிக்காவின் வெயிலை நான் பார்த்தேன். சாயங்காலமானால் மலை இடுக்கு வழியாகக் காற்று புகுந்து வரும். மலைமேல் காற்றாலைகள் சுற்றத் தொடங்கும். அப்போது மட்டும் ஆண்டிபட்டிப் பக்கம் எங்கோ நிற்கிற மாதிரி இருக்கும்.

நான் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பேசினால் பாதி புரியும், திருப்பிப் பேச வாய் வராது. தமிழிலேயே எனக்குப் பேச்சு குறைவுதான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால்கூடக் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள்.

அக்கா ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டே, "தம்பி, நீ வித்யாகூடப் போய் நாலு நாள் இருந்துட்டு வாடா" என்றாள்.

வித்யா அக்காவின் ஒரே மகள். ஆறு வயதில் இங்கே வந்தவள், இப்போது முப்பத்தொன்று. ஆறு வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டுச் சொனோமா கடற்கரைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒயின் செய்கிற திராட்சை. மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. இந்த அறுவடை சரியாக வராவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நீதான திராட்சைக்காரன். அது பொழைக்கிற வேலையா, கிறுக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு. நான் கேட்டா ஃபாக்கு, ஆசிட்டுன்னு என்னென்னமோ சொல்றா" என்றாள் அக்கா.

மச்சான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இவன் போயி என்னத்தச் சொல்லப்போறான்? இவன் வாயத் தொறந்தே மூணு வாரமாச்சு" என்றார். நான் இன்னொரு தோசையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

வித்யாவின் பழைய டிரக் மெக்கானிக்கிடம் கிடந்தது. அதனால் மச்சானின் எலெக்ட்ரிக் காரில் கிளம்பினோம். ஏசி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஏசியை நிறுத்தி ஜன்னலை இறக்கினாள். இன்னும் அரை மணி நேரத்தில் ஜன்னலை ஏற்றினாள். அப்புறம் மலைப்பாதை. கம்பம்மெட்டு ஏறுகிற மாதிரி வளைவுமேல் வளைவு. ஏற ஏற, திரையில் சார்ஜ் எண் மளமளவென்று இறங்கியது. வெளியே வெள்ளையாக ஏதோ வந்து மரங்களை மூடியது. எனக்குப் பல் கிட்டியது.

"மாமா, ஹீட்டர் போட்டா சார்ஜ் போயிடும். நடுக்காட்டுல நிப்போம். பின்னாடி டவல் இருக்கு, எடுத்துச் சுத்திக்கோங்க."

பின் இருக்கையில் கடற்கரைக்கு எடுத்துப் போகிற பெரிய துண்டு கிடந்தது. மீன் படம் போட்டது. அதைப் போர்த்திக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு நூறு டிகிரி வெயிலில் கிளம்பிய ஆள், மதியம் மூன்று மணிக்கு, அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், மீன் படம் போட்ட துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வழியில் ஒரு சின்ன ஊரில் சார்ஜ் போட நிறுத்தினோம். தீயணைப்பு நிலையம், ஒரு பலசரக்குக் கடை, ஒரு சாப்பாட்டுக் கடை. ஊர் அவ்வளவுதான். கடையில் உருண்டை ரொட்டியை நடுவில் குடைந்து அதற்குள் சிப்பி சூப்பை ஊற்றிக் கொடுத்தார்கள். சூப் எனக்கு ஒத்துவரவில்லை. உப்புப் போட்ட பால் மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஊறிய ரொட்டியை விடாமல் தின்றேன். தட்டில் சூப் மட்டும் குளமாக நின்றது.

"மாமா, எல்லாரும் சூப்பக் குடிச்சிட்டு ரொட்டிய வைப்பாங்க. நீங்க கிண்ணத்தத் தின்னுட்டுச் சூப்ப வச்சிட்டீங்க" என்று வித்யா சிரித்தாள்.

பக்கத்து மேஜையில் ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். "இந்தியா" என்றேன். "அங்கே வெயிலோ?" என்றார். "வெயில்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஆங்கிலம் அவ்வளவுதான். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மலை உச்சியில் ஒரு நிமிடம் வெள்ளை விலகியது. கீழே, வெகு கீழே, ஈயத்தைத் தகடாக அடித்துப் போட்டதுபோல் கடல். பார்த்து முடிப்பதற்குள் மறுபடியும் மூடிக்கொண்டது.

தோட்டம் அந்த மலைச் சரிவில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் கல்தூண் நட்டு, தலைக்குமேல் கம்பிப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றுவோம். குலைகள் இலைக்கூரைக்குக் கீழே நிழலில் தொங்கும். நாங்கள் அண்ணாந்து வேலை செய்வோம். இங்கே பந்தல் இல்லை. வேலி மாதிரி நீள நீள வரிசை. கொடிகள் இரண்டு பக்கமும் கட்டிய கம்பிக்கு நடுவே நேராக மேலே நிற்கின்றன. குலைகள் முழங்கால் உயரத்தில். குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய பெரிய மரம் நிற்கிற மலை.

குலை கைக்குள் அடங்கிவிடும் அளவு. மணிகள் சுண்டைக்காய் அளவுதான், அவ்வளவு நெருக்கம். எல்லாவற்றின் மேலும் பனி சொட்டியது. எங்கள் பக்கம் மூன்று நாள் இப்படி ஈரம் நின்றால் செவட்டை நோய் விழுந்து இலையெல்லாம் கருகி, தோட்டமே போய்விடும். நான் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

"இங்க இந்த மூடுபனி தினமும் வரும் மாமா. உள்ள, நம்ம லிவர்மோர் பக்கம், சூடு ஏற ஏற இந்தக் கடல் குளிர இழுக்கும். கடல் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். அது மேல வர்ற காத்து ஃபாக் ஆயிடும். மத்தியானம் விலகிடும், சாயங்காலம் திரும்ப வரும். அதனாலதான் பழம் அவசரப்படாம மெல்லப் பழுக்கும். இந்த வெரைட்டிக்கு வெயில் ஆகாது. பினோ நுவார்னு பேரு. ரொம்ப செல்லம்."

"உன்ன மாதிரி" என்றேன். அவள் ஆச்சரியமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கிண்டல் செய்வேன் என்று அவளுக்குத் தெரியாது.

தோட்டத்தின் சொந்தக்காரர் ரூத் என்ற அம்மாள். எழுபது வயதிருக்கும். கணவர் இறந்தபின் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். என்னைப் பார்த்ததும் கை கொடுத்து, வானத்தைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, உடனே வீட்டுக்குள் போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். "அவங்க அப்படித்தான் மாமா, ஆளப் பாத்தா ரெண்டு வார்த்தைக்கு மேல வராது" என்றாள் வித்யா.

அந்த ரூத் அம்மாள், சாலையோரமாக இருக்கிற ஆறு வரிசையை இந்த வருஷம் வித்யாவிடமே விட்டிருந்தார். எப்போது தண்ணீர், எப்போது அறுவடை, எல்லாம் அவள் முடிவு. அந்த ஆறு வரிசையிலிருந்து இரண்டு பீப்பாய் ஒயினுக்கான நல்ல பழம் வந்தால் அடுத்த வருஷத்திலிருந்து சரிவு முழுவதும் அவள் பொறுப்பு. வராவிட்டால் மச்சானுக்குக் கொடுத்த வாக்கு. பழம் பறிக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"இப்ப குலையச் சுத்தி ஈரம் தங்குது. அழுகிடும். கொஞ்சம் இலை எடுத்துக் காத்து விடணும். ஆனா காலைல சூரியன் படுற பக்கம் மட்டும்தான் எடுக்கணும் மாமா. சாயங்கால வெயில் படுற பக்கம் ஒரு இலையக்கூடத் தொடக் கூடாது. இந்த நேரத்துல தோல் பழகியிருக்காது, சுட்டுடும்."

"இலை கிள்றது எங்களுக்குச் சொல்லித் தரணுமா? நான் பாத்துக்கிறேன்" என்றேன். அமெரிக்கா வந்து மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று என் கண்ணெதிரே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே அவள் டிரக்கை எடுக்க டவுனுக்குப் போய்விட்டாள். நான் காபி குடித்துவிட்டு வரிசைக்குப் போனேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வானம், தரை எல்லாம் ஒரே வெள்ளை. சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. கீழேயிருந்து கடல் இரைச்சல் மட்டும் வந்தது.

எந்தப் பக்கம் காலை வெயில் படும்? ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. நான் பார்த்த கடல்கள் திருச்செந்தூர், ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, ஒரு முறை மெரினா. எல்லா இடத்திலும் விடியற்காலையில் ஜனங்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள், சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பும். கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. கை தானாகக் கடல் பக்கம் போனது.

மேலே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ரமோன் என்கிற தொழிலாளி தேநீர் இடைவேளையில் வந்து எட்டிப் பார்த்தார். மெக்சிகோக்காரர். என் கை வேகத்தைப் பார்த்து விசிலடித்தார். நான் சிரித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை, கையைக் காட்டியாவது, சூரியன் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றினால்தானே? இன்னும் உண்மையைச் சொன்னால், தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

முப்பது வருஷம் இலை கிள்ளிய கை. பதினொரு மணிக்குள் மூன்றரை வரிசை முடித்துவிட்டேன். குலைகள் எல்லாம் வரிசையாக, சுத்தமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டோவுக்கு நிறுத்தியதுபோல் வெளியே தெரிந்தன. தள்ளி நின்று ரசித்தேன்.

அப்போது முதுகில் சுட்டது.

திரும்பினேன். மலைப் பக்கம் மரங்களுக்கு மேலே வெள்ளை கிழிந்து சூரியன் வந்திருந்தது. கடல் பக்கம் இன்னும் ஒன்றும் தெரியாத புகை. என் நிழல் கடலை நோக்கி விழுந்திருந்தது. சூரியன்தான் தப்பான இடத்தில் நிற்கிறது என்றுகூட அரை நிமிடம் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் இலையெல்லாம் எடுத்தது சாயங்கால வெயில் பக்கம்.

வித்யா ஒரு மணிக்கு வந்தாள். ரமோனின் மனைவி கொடுத்தனுப்பிய சோளரொட்டியும் பயறும் அவள் கையில் இருந்தன. அந்த ரொட்டி நம் சப்பாத்தி மாதிரி இருந்தாலும் மணம் வேறு. நான் ஒன்றைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா, சாப்பாடு பிடிக்கலையா? தயிர் இருக்கு, எடுக்கவா?"

நான் எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையைக் காட்டினேன். "தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. அங்கிட்டு எடுக்க வேண்டியத இங்கிட்டு எடுத்துட்டேன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடி வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள். "எப்படி மாமா?" என்றாள். கடல் கிழக்கே இருக்கும் என்று நினைத்ததைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது, வரவில்லை. ஃபோனை எடுத்து எனக்குக் காட்டினாள். "நாளைக்கழிச்சு காத்து திரும்புது. மலைப் பக்கத்துலேர்ந்து சூடா வரும், ஃபாக்கையே கடலுக்குள்ள தள்ளிடும். மூணு நாள் நூறு டிகிரி போட்டிருக்கான். இங்க வருஷத்துல ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் அப்படி வரும்."

நிழல் வலை இருக்கிறதா என்று கேட்டேன். ரூத்திடம் இல்லை. ஆர்டர் செய்தால் வர ஐந்து நாளாகும். பக்கத்துத் தோட்டங்களுக்கு ஃபோன் செய்தாள். எல்லாரும் தங்கள் தோட்டத்துக்கே போதவில்லை என்றார்கள்.

நான் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பிக்குள் நேராக நிறுத்தி வைத்திருந்த தளிர்க் கொடிகளில் மேலே எவ்வளவோ இலை இருந்தது. வானத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது.

"இந்தக் கம்பியக் கழட்ட முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"கடல் பக்கத்துக் கம்பிய இறக்கிட்டா கொடி சாயுமில்ல? குலைக்கு மேல விழும். அரைப் பந்தல் மாதிரி. ஆனா சும்மா விட்டா முறிஞ்சிடும். ஒவ்வொண்ணாப் பிடிச்சு மடக்கிக் கட்டணும்."

அவள் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். ரூத்தைக் கேட்க வேண்டும் என்றாள். சாலையோர வரிசை. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ரூத் வந்தார். வித்யா நடந்ததைச் சொன்னாள். யார் செய்தது, ஏன் செய்தது என்று ரூத் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு கொடியைக் கழற்றி மடக்கிக் கட்டிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்போதுதான் தூங்கி எழுந்தவள் தலை மாதிரி இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, "கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சணல் உருண்டை எடுத்துவரப் போனார்.

அன்று மதியமும் மூன்றாம் நாள் முழுவதும் நான், வித்யா, ரமோன் மூன்று பேரும் கட்டினோம். கொடியை மடக்குவதில் ஒரு நிதானம் இருக்கிறது. கணுவில் மடக்கினால் முறியும். கணுவுக்குக் கணு நடுவில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே இறக்க வேண்டும். ரமோன் இரண்டை முறித்துவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டார். வித்யாவுக்குக் கை நன்றாக வந்தது. என் அக்காவுக்கும் அப்படித்தான் வரும், கல்யாணமாகிப் போவதற்கு முன் எங்கள் தோட்டத்தில் அவள்தான் வேகம்.

இரண்டு முழு வரிசையும் அப்புறம் ஒரு கால் வரிசையும் முடித்தோம். மீதி ஒன்றேகால் வரிசைக்குக் கொடியில் நீளமில்லை. அது மேட்டுப் பகுதி, மண் குறைவு, தளிர் கட்டையாக இருந்தது. மடக்கினாலும் குலைக்கு எட்டவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு இருட்டுவதற்குள் வித்யா தங்கியிருந்த வீட்டுக்கு வந்தோம்.

நான்காம் நாள் காலை எழுந்தால் மூடுபனி இல்லை. கடல் வரைக்கும் துடைத்து வைத்தது மாதிரி தெரிந்தது. மலைப் பக்கமிருந்து காற்று அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வந்தது. மதியம் மூன்று மணிக்குச் சூரியன் கடல் பக்கம் சாய்ந்தது. அப்புறம் அது இறங்கவே இல்லை. ஆறு மணிக்கும் அங்கேயே நின்றது, ஏழு மணிக்கும் நின்றது. நான் வரிசைக்குப் போவதும் குலையைத் தொட்டுப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தேன். வித்யா தண்ணீரைத் திறந்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சூரியன் கடலுக்குள் இறங்கியது. நான் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரொம்ப அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்கா ஃபோன் செய்தாள். "நாலு நாள் முடிஞ்சுதேடா, எப்ப வர்ற?"

"அறுவடை முடிச்சிட்டு வர்றேன்."

"அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"நான் பண்ண வேலை ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன். அக்காவுக்குப் புரியவில்லை.

மூன்று நாள் அப்படி எரிந்தது. ஏழாம் நாள் காலை கண் விழித்தபோது ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை. இரண்டு பேரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம். அரைப் பந்தலுக்குக் கீழே குலைகள் அப்படியே இருந்தன. நான் இலைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். மணி கெட்டியாக, குளிர்ச்சியாக இருந்தது. கட்டாமல் விட்ட ஒன்றேகால் வரிசையில் ஒவ்வொரு குலைக்கும் ஒரு கன்னம் சுட்டிருந்தது. கடலைப் பார்த்த பக்கத்து மணிகள் பழுப்பாகச் சுருங்கி, உலர்ந்த சுண்டைக்காய் மாதிரி தொங்கின.

"இத விட்டுட வேண்டியதுதான். ஒயின்ல போட்டா வாசனையே கெட்டுடும்" என்றாள் வித்யா. "அந்தக் குலைங்கள வெட்டிக் கீழ போட்டுடுவாங்க மாமா, வழக்கம் அதுதான்."

"முழுக் குலையுமா?"

"ஆமா."

"எதுக்கு? பின்பக்கம் நல்லாத்தான இருக்கு?"

எங்கள் பக்கம் திராட்சை சாப்பிடுகிற பழம். பெட்டியில் அடுக்குவதற்கு முன், கூர்முனைக் கத்தரியால் கெட்ட மணியை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்போம். குலை குலையாக உட்கார்ந்து செய்கிற வேலை. ஒயினுக்குப் பழம் வைப்பவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், செய்தால் கட்டுபடியாகாது என்றாள். "எனக்கு யாரும் கூலி தர வேண்டாம். கத்தரி இருக்கா?" என்றேன். அவள் தையல் பெட்டியிலிருந்து நூல் வெட்டுகிற கத்தரி ஒன்று கொண்டுவந்தாள்.

நாலரை நாள் ஆனது. பால் கறக்க உட்காருகிற மாதிரி ஒரு முக்காலி போட்டுக்கொண்டு கொடிக்குக் கொடி நகர்ந்தேன். மணி நெருக்கமாக இருந்ததால் ஒரு சுட்ட மணியை எடுக்கப் போய் நல்ல மணி இரண்டு போகும். ரமோன் மதியம் வந்து நின்று பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு போவார். இரண்டு நாள் கழித்து அவரும் ஒரு கத்தரியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் ஸ்பானிஷில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், நான் அவ்வப்போது "ம்" என்றேன். எங்கள் ஊரில் என்னோடு யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

பதின்மூன்றாம் நாள் வித்யா ஒரு மணியை வாயில் போட்டு, கொட்டையைக் கடித்துப் பார்த்து, இனிப்பு அளக்கிற கருவியில் சாறு வைத்துப் பார்த்து, "நாளைக்கு" என்றாள்.

விடியும்போது பறிக்கத் தொடங்கினோம். மூடுபனியில் கை விறைத்தது. பத்து மணிக்கு ஆறு வரிசையும் முடிந்து, பழம் முழுவதும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் வந்து சேர்ந்தது. ரூத் வந்து தராசைப் பார்த்தார். ஒரு பீப்பாய் முழுதாக நிறையும். இரண்டாவதற்கு முக்கால்தான் வரும். ரூத் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு குலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நறுக்கிய குலை. ஒரு பக்கம் காம்பு மட்டும் தெரிந்தது.

வித்யா நிமிர்ந்து நின்றாள். "குறைந்தது என் தவறு" என்றாள் ஆங்கிலத்தில். "இலை எடுக்கச் சொன்னேன். எது கிழக்கு என்று காட்டாமல் போனேன். நீங்கள் சொன்ன அளவு வரவில்லை. எனக்குப் புரிகிறது."

அவள் அதைச் சொன்னபோது எனக்குள் என்னவோ ஆனது. வாய் திறந்துவிட்டது. "நோ" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "நாட் ஹர். மீ. ஐ டிட். மை மிஸ்டேக்." விரலால் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

ரூத் அம்மாளின் முகம் சிவந்தது. அவர் வித்யாவைப் பார்த்துப் பேசினார், வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. வித்யா கேட்டுக்கொண்டே இருந்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"மாமா, அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு இவங்க அடுத்த வரிசைலதான் நின்னுருக்காங்க. உங்க கையப் பாத்துக்கிட்டே நின்னாங்களாம். நீங்க தப்பான பக்கம் எடுக்குறீங்கன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"அப்ப ஏன் சொல்லல?"

வித்யா கேட்டாள். ரூத் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். வித்யா எனக்குத் தமிழில் சொன்னாள். "இவ்வளவு வேகமா இலை எடுக்குற ஆள் காரணமில்லாமச் செய்ய மாட்டாருன்னு நெனச்சாங்களாம். உங்க நாட்டுல இப்படித்தான் போலன்னு. கேட்டா தப்பா எடுத்துப்பீங்களோன்னு கூச்சமா இருந்துச்சாம். வீட்டுக்குள்ள போயிட்டாங்களாம். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நெனச்சு, சொல்லவே முடியலையாம்."

ரூத்தும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். உடனே இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

வித்யா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். "நல்லா இருக்கு. ரெண்டு பேருல ஒருத்தர் வாயத் தொறந்திருந்தா எனக்குக் கால் பீப்பாய் கொறஞ்சிருக்காது" என்றாள். அதையே ரூத்துக்கு ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள். ரூத் சிரித்தார். இரண்டு வாரத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான். "அந்தக் கால் பீப்பாய் என் கணக்கில்" என்று சொல்லி, கையிலிருந்த குலையைத் தொட்டியில் மெதுவாக வைத்தார். சரிவு முழுவதையும் கையால் ஒரு வளைவு காட்டினார். வித்யாவின் தோளைத் தட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வித்யா அழுதாள், சிரித்தாள், ஃபோனை எடுத்து மச்சானுக்கு அடித்தாள். அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சாயங்காலம் நேர்ல சொல்லிக்கிறேன், நீங்க பக்கத்துல நிக்கணும்" என்றாள். சரி என்றேன். பிறகு ரூத்திடம், சரிவு முழுவதற்கும் கவாத்து வெட்டு எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள். ஜனவரியில், கொடி தூங்கும்போது என்றார் ரூத். எங்கள் ஊரில் கொடி தூங்குவதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்டுவோம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஜனவரியில் எனக்குக் கம்பத்தில் அந்த வேலை இருக்கும், நான் இங்கே இருக்கப் போவதில்லை.

இருந்தாலும் ரூத் பக்கம் திரும்பினேன். வித்யாவிடம், "இங்க கவாத்து எங்கிட்டிருந்து ஆரம்பிப்பாங்க, கேளு" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள், கையை மலைப் பக்கமும் கடல் பக்கமும் காட்டி, நானே கேட்டுவிட்டேன்.